மாதம் எவ்வளவு சம்பாதித்தார்?

சாலை விபத்தில் ஒருவரைப் பறிகொடுத்த குடும்பத்திடம் ஒரு வழக்கறிஞர் கேட்கவேண்டிய கேள்விகளில் எனக்கு இன்றுவரை பழகாத கேள்வி இதுதான். காரியம் முடிந்த சில நாட்களில் வருவார்கள். மஞ்சள் பையில் முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை, இறப்புச் சான்று, ரேஷன் கார்டு எல்லாம் மடித்து வைத்திருப்பார்கள். விபத்து எப்படி நடந்தது என்பதைச் சொல்ல அவர்களுக்கு ஆயிரம் இருக்கும். அதையெல்லாம் கேட்டு முடித்த பிறகு, "மாசம் எவ்வளவுங்க சம்பாதிச்சாரு?" என்று நான் கேட்கும்போது, அதுவரை பேசிக்கொண்டிருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். அந்த நேரத்தில் அவர்கள் எண்ணத்தில் ஓடுவது என்னவென்று எனக்குத் தெரியும்: போன உயிருக்குக் கணக்குப் பார்க்கிறார்களே என்பதுதான். ஆனால் அந்தக் கேள்விக்குக் கிடைக்கும் பதில்தான் வழக்கின் ஏறத்தாழ முழு எடையையும் சுமக்கப்போகிறது என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்வது என் கடமை. இந்தக் கட்டுரையும் அதைச் சொல்லத்தான்.

1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 168-ஆம் பிரிவில், விபத்து இழப்பீட்டு வழக்குகளை விசாரிக்கும் தீர்ப்பாயம் தனக்கு நியாயமானதாகத் தோன்றும் இழப்பீட்டை வழங்கலாம் என்று மட்டும் சொல்கிறது. நியாயமானது என்றால் எவ்வளவு என்பதை அந்தப் பிரிவு வரையறுக்கவில்லை. ஒரே வயதில், ஒரே தொழிலில், ஒரே சாலையில் இறந்த இருவருக்கு இரண்டு தீர்ப்பாயங்கள் இரண்டு விதமாகத் தொகை வழங்கிய காலம் உண்டு. அந்த வேறுபாட்டைக் குறைக்கத்தான் நீதிமன்றங்கள் ஓர் அளவுகோலைத் தேடின. இறந்தவர் தம் குடும்பத்துக்கு ஓராண்டில் கொடுத்திருக்கக்கூடிய தொகையைக் கண்டுபிடித்து, அதை வயதுக்கேற்ற ஓர் எண்ணால் பெருக்கும் முறை, 1942-இல் அன்று இங்கிலாந்தின் உயர்ந்த நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை ஒரு நிலக்கரிச் சுரங்க நிறுவனத்தின் வழக்கில் ஏற்றுக்கொண்ட முறையாகும். 1994-இல் கேரள அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்கும் சூசம்மா தாமஸ் என்பவருக்கும் இடையிலான வழக்கில் நம் உச்ச நீதிமன்றம் இதுவே சரியான முறை என்று உறுதிசெய்தது. அந்த வழக்கில் 16-ஆக இருந்த உச்சப் பெருக்கெண், 1996-இல் திரிலோக் சந்திரா வழக்கில் 18 ஆயிற்று. சட்டத்தின் இரண்டாம் அட்டவணையோ வேறொரு கணக்கைச் சொல்லிக்கொண்டிருந்தது. எந்த வயதுக்கு எந்த எண் என்ற குழப்பம் 2009 ஏப்ரலில் சரளா வர்மா வழக்கில்தான் தீர்ந்தது. நீதிபதி ரவீந்திரன் எழுதிய அந்தத் தீர்ப்பில், முன்பு புழங்கிய பட்டியல்களைப் பக்கம் பக்கமாக வைத்து ஒப்பிட்டு, இனி எல்லாத் தீர்ப்பாயங்களும் பின்பற்றவேண்டிய ஒரே பட்டியல் வகுக்கப்பட்டது.

அந்தப் பட்டியல் என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது. 15 முதல் 25 வயது வரை 18, 26 முதல் 30 வரை 17, 31 முதல் 35 வரை 16, 36 முதல் 40 வரை 15, 41 முதல் 45 வரை 14, 46 முதல் 50 வரை 13 என்று இறங்கி, 51-இல் சட்டென்று 11 ஆகி, 65-ஐத் தாண்டியவர்களுக்கு 5-இல் முடிகிறது. முப்பத்து நான்கு வயதில் இறந்தவர் இன்னும் இருபத்தைந்து ஆண்டுகளாவது உழைத்திருப்பாரே, ஏன் 16-ஆல் மட்டும் பெருக்குகிறீர்கள் என்று கேட்காத குடும்பமே இல்லை. ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாக வந்திருக்கவேண்டிய பணம் இப்போது மொத்தமாகக் கைக்கு வருகிறது, அதை வங்கியில் போட்டால் வட்டி கிடைக்கும், மேலும் விபத்து நடக்காவிட்டாலும் வாழ்க்கையில் நோயும் வேலையிழப்பும் வந்திருக்கலாம் என்பதால் ஆண்டுகளின் எண்ணிக்கையைவிடப் பெருக்கெண் குறைவாக வைக்கப்பட்டிருக்கிறது என்று விளக்குவேன். தலையாட்டுவார்கள். எண்ணளவில் அந்த விளக்கம் சரியானதுதான்.

சரளா வர்மா தீர்ப்பு இன்னொன்றையும் ஒழுங்குபடுத்தியது. இறந்தவர் உயிரோடு இருந்திருந்தால் தமக்கென்று செலவழித்திருக்கக்கூடிய பங்கைக் கழிக்கவேண்டும். அவரைச் சார்ந்திருந்தவர்கள் இரண்டு அல்லது மூன்று பேர் என்றால் மூன்றில் ஒரு பங்கு, நான்கு முதல் ஆறு பேர் என்றால் நான்கில் ஒரு பங்கு, அதற்கும் மேல் என்றால் ஐந்தில் ஒரு பங்கு. மணமாகாதவர் என்றால் பாதி கழிந்துவிடும். திருமணத்துக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த மகனை இழந்த தாயிடம், அவன் உங்களுக்குக் கொடுத்தது பாதிதான் என்று சட்டம் கருதுகிறது என்று சொல்வது எளிதல்ல. சம்பளக் கவரை அப்படியே கொண்டுவந்து சாமி படத்தின் முன் வைத்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். குடும்பம் பெரிது, வருமானமில்லாத விதவைத் தாயும் தம்பி தங்கைகளும் அவனையே நம்பியிருந்தார்கள் என்று நிரூபித்தால் கழிவை மூன்றில் ஒரு பங்காகக் குறைக்க அதே தீர்ப்பில் இடமிருக்கிறது. ஆகவே அந்த வீட்டில் யார் யார் யாரை நம்பியிருந்தார்கள் என்பதைச் சாட்சியத்தில் கொண்டுவராமல் விடுவது வழக்கறிஞரின் பிழை என்றே நான் கருதுகிறேன்.

2017 அக்டோபர் 31-ஆம் தேதி, பிரணய் சேத்தி வழக்கில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு, வருங்கால வருமான உயர்வுக்கும் விகிதம் நிர்ணயித்தது. நிரந்தர வேலையில் இருந்தவர் 40 வயதுக்கு உட்பட்டவரானால் 50 சதவீதம், 40 முதல் 50 வரை 30, 50 முதல் 60 வரை 15 சதவீதம் கூட்டவேண்டும். சுயதொழில் செய்தவர்களுக்கும் நிலையான சம்பளம் பெற்றவர்களுக்கும் அவை முறையே 40, 25, 10. கூலிக்காரருக்கும் கடைக்காரருக்கும் காலப்போக்கில் வருமானம் உயரத்தான் செய்யும் என்று நாட்டின் உயர்ந்த நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட அந்த நாளை நான் மகிழ்ச்சியோடு நினைவில் வைத்திருக்கிறேன். தோழமை இழப்புக்கு 40,000 ரூபாய், உடைமை இழப்புக்கும் ஈமச்சடங்குக்கும் தலா 15,000 ரூபாய், மூன்றாண்டுக்கு ஒருமுறை 10 சதவீத உயர்வு என்பதும் அந்தத் தீர்ப்பில் வகுக்கப்பட்டதுதான்.

இப்போது ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். முப்பத்து நான்கு வயதுக் கட்டடத் தொழிலாளி, மனைவி, இரண்டு குழந்தைகள், தாய். மாத வருமானம் 12,000 என்று தீர்ப்பாயம் ஏற்றால், 40 சதவீதம் கூட்டி 16,800, நான்கில் ஒரு பங்கு கழித்து 12,600, ஆண்டுக்கு 1,51,200, அதை 16-ஆல் பெருக்க 24,19,200 ரூபாய். வேறெதையும் மாற்றாமல் மாத வருமானத்தை மட்டும் 7,500 என்று வைத்தால் 15,12,000 ரூபாய். பெருக்கெண்ணில் சச்சரவில்லை, கழிவில் சச்சரவில்லை, சதவீதத்திலும் சச்சரவில்லை. முதலில் எழுதிய அந்த ஓர் எண்ணில் ஆயிரம் ரூபாய் ஏறினாலோ இறங்கினாலோ முடிவில் 2,01,600 ரூபாய் ஏறும் அல்லது இறங்கும். உச்ச நீதிமன்றம் இவ்வளவு பாடுபட்டு ஒரே சீராக்கிய அளவுகோல், அதற்குள் முதலில் எதை இடுகிறோம் என்பதைப் பொறுத்தே நியாயமாகவோ அநியாயமாகவோ ஆகிறது. அரசு ஊழியருக்குச் சம்பளப் பட்டியல் இருக்கிறது, தொழிலதிபருக்கு வருமான வரிக் கணக்கு இருக்கிறது. எங்கள் ஊரிலிருந்து என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு இரண்டும் கிடையாது.

இந்த இடத்தில்தான் மெய்ப்பிக்கும் அளவு என்ற கேள்வி வருகிறது. குற்ற வழக்கில் நியாயமான சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கவேண்டும். விபத்து இழப்பீட்டில் அப்படியில்லை, நடந்திருக்க வாய்ப்பு அதிகம் எது என்று பார்த்தால் போதும். 2009-இல் பிம்லா தேவி வழக்கில், விபத்து இன்ன வண்டியால் இன்ன விதமாக நடந்தது என்பதைத் துல்லியமாக நிரூபிக்கும்படி குடும்பத்தாரிடம் எதிர்பார்க்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஓட்டுநர் குற்ற வழக்கில் விடுதலையாகிவிட்டார் என்பதாலேயே இழப்பீட்டு வழக்கு தோற்றுவிடாது. வண்டி யார் தவறால் மோதியது என்பதற்கு இந்தத் தளர்ந்த அளவைத் தயங்காமல் பயன்படுத்தும் தீர்ப்பாயங்கள், வருமானம் என்று வந்ததும் ரசீது இருக்கிறதா, வங்கிக் கணக்கு இருக்கிறதா என்று இறுக்கிப் பிடிப்பதைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். சட்டத்தில் இதற்கு ஆதரவில்லை. 2011-இல் ராமச்சந்திரப்பா வழக்கில், கூலித் தொழிலாளியின் வருமானத்துக்கு ஆவணம் கேட்காமல், 2004-ஆம் ஆண்டு நிலவரப்படி மாதம் 4,500 ரூபாய் என்று அவர் சொன்னதை உச்ச நீதிமன்றம் ஏற்றது. 2014-இல் சையத் சாதிக் வழக்கில் ஒரு காய்கறி வியாபாரியிடமும் ஆவணம் கேட்காமல், மாதம் 6,500 ரூபாய் சம்பாதிக்கக்கூடியவர்தான் என்று ஏற்றது. சம்பளச் சான்று இல்லாதபோது குறைந்தபட்சக் கூலி அறிவிப்பை ஒரு துணையாகக் கொள்ளலாம், ஆனால் அதுவே முடிவான அளவாகிவிடாது என்று 2021-இல் ஒரு லாரி ஓட்டுநரின் குடும்பத்துக்காக அதே நீதிமன்றம் சொன்னது. தீர்ப்புகள் இவ்வளவு தெளிவாக இருந்தும், கையொப்பமில்லாத கூலிக்கு மனிதனை நம்பும் பழக்கம் கீழே வரை இன்னும் இறங்கவில்லை.

வயதிலும் இதே போராட்டம் உண்டு. 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கில், பள்ளிச் சான்றின்படி இறந்தவருக்கு 45 வயது, ஆதாரின்படி 47. பெருக்கெண் 14-ஆ 13-ஆ என்பது அந்த இரண்டு ஆண்டுகளில் தொங்கியது. ஆதார் ஆளை அடையாளம் காட்டுவதற்குத்தான், பிறந்த தேதிக்குச் சான்றல்ல என்று சொல்லி, பள்ளிச் சான்றின்படி 14-ஐ நீதிமன்றம் நிலைநாட்டியது. பழைய டி.சி.-யைப் பரணில் தேடச் சொல்லி நான் வீட்டுக்கு அனுப்புவது இதற்காகத்தான்.

இனி என்னை இந்தக் கட்டுரையை எழுதவைத்த வழக்குக்கு வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன், எங்கள் பகுதியில், புல்லுக்கட்டோடு சாலையைக் கடந்த நாற்பத்திரண்டு வயதுப் பெண்மணி ஒரு வேன் மோதி இறந்துவிட்டார். கணவரும் படித்துக்கொண்டிருந்த இரண்டு பெண்களும் வந்தார்கள். என் வழக்கமான கேள்வியைக் கேட்டேன்.

"அவ வேலைக்கெல்லாம் போவுலீங்க மேடம். சும்மா ஊட்லதானுங்க இருந்தா."

அந்தச் 'சும்மா'வை அவர் வருத்தத்தோடுதான் சொன்னார். ஏமாற்றவோ இழித்துரைக்கவோ அவர் நினைக்கவில்லை, அவருக்குத் தெரிந்த சொல் அதுவாக இருந்தது. நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "ஏனுங்ணா, அக்கா காலையில எத்தன மணிக்கு எந்திரிப்பாங்க?" என்று கேட்டேன். நாலரை மணிக்கு என்றார். சாணி அள்ளி, இரண்டு மாடு கறந்து, ஐந்தே முக்காலுக்குப் பால் சொசைட்டிக்குக் கொண்டுபோய் ஊற்றிவிட்டு வந்து, சோறாக்கி, பெண்களைப் பள்ளிக்கு அனுப்பி, காட்டில் களை வெட்டி, தண்ணீர் கட்டி, மத்தியானம் மாமியாருக்குக் காலுக்கு எண்ணெய் தேய்த்து, புல்லறுத்து, மறுபடியும் மாலைக் கறவை. அவர் சொல்லச் சொல்ல மூத்த பெண் இடையில் விட்டுப்போனதையெல்லாம் சேர்த்துக்கொண்டே வந்தாள். பேசி முடித்தபோது அந்த மனிதர் தம் மனைவியைப் பற்றி அன்றுதான் முதல்முறையாகக் கேள்விப்பட்டவர்போல உட்கார்ந்திருந்தார்.

பால் சொசைட்டி அட்டையைக் கொண்டுவரச் சொன்னேன். நீல நிறத்தில், ஓரம் நைந்து, பால் பட்ட கறையோடு இருந்தது. காலை, மாலை என்று இரண்டு பத்தியில் லிட்டர் கணக்கு நாள்தோறும் எழுதப்பட்டிருந்தது. விபத்து நடந்த நாளின் காலைப் பத்தியில் எண் இருந்தது, மாலைப் பத்தி காலியாக இருந்தது. அடுத்த ஒன்பது நாட்களுக்கு இரண்டு பத்தியும் காலி. அட்டையின் மேல் உறுப்பினர் பெயர் என்ற இடத்தில் கணவரின் பெயர் இருந்தது. குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதைத்தான் பிடித்துக்கொண்டார். மாடும் உங்களுடையது, காடும் உங்களுடையது, பால் பணமும் உங்கள் கணக்கில்தான் வரவாகிறது, ஆகவே உங்கள் மனைவிக்கு வருமானம் இல்லை என்றால் சரிதானே என்று கேட்டார். கணவர் சரி என்று சொல்லிவிட்டார். காலியாக இருந்த அந்தப் பத்திகளை நான் சுட்டிக்காட்டி வாதிட்டேன். தீர்ப்பாயம் மாதம் 5,000 ரூபாய் என்று உத்தேசமாக வைத்து, சம்பாதிக்காதவருக்கு வருங்கால உயர்வு கிடையாது என்று அதை மறுத்து, மூன்றில் ஒரு பங்கு கழித்து, 14-ஆல் பெருக்கி, வருமான இழப்புக்கு 5,60,000 ரூபாய் வழங்கியது.

வீட்டிலிருக்கும் பெண்ணின் உழைப்பை எப்படி மதிப்பிடுவது என்பதற்கு நம் நீதிமன்றங்கள் நெடுநாளாகவே விடை தேடி வந்திருக்கின்றன. 1989 மார்ச்சில் ஜாம்ஷெட்பூரில் ஒரு விழாவில் நடந்த தீ விபத்து தொடர்பாக, 2001-இல் லதா வாத்வா வழக்கில், இறந்த இல்லத்தரசிகளின் பணி மாதம் 3,000 ரூபாய் மதிப்புடையது என்று உச்ச நீதிமன்றம் கணக்கிட்டது. 2009-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி பிரபா ஸ்ரீதேவன், தாயை இழந்த தீபிகா என்ற சிறுமியின் வழக்கில், இதற்கு மூன்று வழிகளை விரிவாக எடுத்துரைத்தார். அவர் வெளியே வேலைக்குப் போயிருந்தால் எவ்வளவு சம்பாதித்திருப்பார் என்பது ஒரு வழி, திருமணத்தைச் சமமான கூட்டாகக் கருதிக் கணவரின் வருமானத்தில் பாதியை வைப்பது இரண்டாவது, அவர் செய்த வேலைகளுக்கெல்லாம் ஆள் வைத்தால் என்ன செலவாகும் என்று பார்ப்பது மூன்றாவது. 2010-இல் அருண்குமார் அகர்வால் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைப் பாராட்டி ஏற்றுக்கொண்டது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இல்லத்தரசிகளைப் பிச்சைக்காரர்களோடும் கைதிகளோடும் ஒரே வகையில் வைத்திருந்ததை நீதிபதி கங்குலி அதில் வன்மையாகக் கண்டித்திருக்கிறார். அந்தப் பத்தியை மேல்முறையீட்டு மனுவில் முழுதாக எடுத்துப் போட்டேன்.

எங்கள் மேல்முறையீடு நிலுவையில் இருந்தபோதே, 2021 ஜனவரி 5-ஆம் தேதி கீர்த்தி வழக்கின் தீர்ப்பு வந்தது. டெல்லியில் பெற்றோர் இருவரையும் ஒரே விபத்தில் இழந்த பெண் குழந்தைகளின் வழக்கு அது. நீதிபதி ரமணா தனியாக எழுதிய கருத்தில், 2019-ஆம் ஆண்டின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பை எடுத்துக்காட்டி, ஊதியமில்லாத வீட்டு வேலைக்குப் பெண்கள் நாளொன்றுக்கு 299 நிமிடமும் ஆண்கள் 97 நிமிடமும் செலவிடுகிறார்கள் என்று குறிப்பிட்டார். உத்தேசமாக வைக்கும் வருமானத்துக்கும் வருங்கால உயர்வு சேர்க்கவேண்டும் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். என் வழக்குக்கு அது ஆறு மாதம் தாமதமாக வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைத்துப் பார்ப்பதுண்டு. உயர் நீதிமன்றம் மாத வருமானத்தை 9,000 என்று உயர்த்தி, 25 சதவீதம் கூட்டி, 12,60,000 ரூபாய் வழங்கியது. 5,60,000-க்கும் 12,60,000-க்கும் இடையில் இறந்தவரின் உழைப்பில் எந்த மாற்றமும் இல்லை. அவர் இரண்டு கணக்கிலும் அதே நாலரை மணிக்குத்தான் எழுந்தார்.

காயமடைந்தவர்களின் வழக்கில் முதல் எண்ணோடு இன்னோர் எண்ணும் சேர்ந்துகொள்கிறது, அது ஊனத்தின் சதவீதம். மருத்துவக் குழு உடலைப் பார்த்து ஒரு சதவீதம் சொல்லும். ஆனால் உடலின் ஊனம் வேறு, சம்பாதிக்கும் திறனின் இழப்பு வேறு என்று ராஜ்குமார் வழக்கில், சரளா வர்மா தீர்ப்பை எழுதிய அதே நீதிபதி ரவீந்திரன், விளக்கமாக வகுத்திருக்கிறார். இடது கையை இழந்த தச்சருக்கும் ஓட்டுநருக்கும் பிழைப்பே நூறு சதவீதம் போய்விடலாம், அதே கையை இழந்த அரசு எழுத்தருக்கு வேலையே போகாமலும் இருக்கலாம். ஆகவே காயத்துக்குப் பிறகு அவரால் என்ன செய்யமுடியும், அவர் முன்பு செய்த தொழில் என்ன, அதையோ வேறொன்றையோ செய்து பிழைக்கமுடியுமா என்ற வரிசையில் பார்க்கவேண்டும்.

எனக்கு வந்த ஒரு பரோட்டா மாஸ்டருக்கு வயது முப்பத்து மூன்று. வலது மணிக்கட்டு உடைந்து, தகடு வைத்து, எலும்பு சேர்ந்துவிட்டது. மருத்துவக் குழு 40 சதவீதம் கொடுத்திருந்தது. சதவீதத்துக்கு 3,000 ரூபாய் என்று பெருக்கி 1,20,000 ரூபாயில் முடித்துவிடலாம் என்று எதிர்த்தரப்பு சொன்னது. எங்கள் பக்கத்துத் தீர்ப்பாயங்களில் அந்தப் பழக்கம் நெடுங்காலமாக இருக்கிறது, சிறிய காயங்களுக்கு அது பொருந்தவும் பொருந்தும். இவருக்குப் பொருந்தாது. சாட்சிக் கூண்டில் நின்ற மருத்துவரிடம், ஒரு வேளைக்குப் பத்துக் கிலோ மைதாவைப் பிசைந்து, உருண்டை பிடித்து, வீசி விரிக்க மணிக்கட்டு எத்தனை முறை திரும்பவேண்டும் என்று கேட்டேன். அவர் யோசித்தார். பிறகு தம் கையையே திருப்பிப் பார்த்துவிட்டு, இந்த மூட்டு அந்த வேலைக்கு உதவாது, கல்லாவில் உட்காரலாம் என்று சொன்னார். கல்லாவில் உட்காருவதற்குக் கடை அவருடையதாக இருக்கவேண்டும். தீர்ப்பாயம் சம்பாதிக்கும் திறன் இழப்பை 60 சதவீதமாக ஏற்றது. மாதம் 12,000, உயர்வு 40 சதவீதம், பெருக்கெண் 16 என்ற கணக்கில் அது 19,35,360 ரூபாய். மருத்துவர் கையைத் திருப்பிப் பார்த்த அந்த அரை நிமிடம் இல்லாமற்போயிருந்தால் இந்தத் தொகை வந்திருக்காது.

அளவுகோல் வேண்டாம், ஒவ்வொரு நீதிபதியும் மனத்துக்குப் பட்டதை வழங்கட்டும் என்று சொல்பவர்களும் எங்களிடையே உண்டு. அதை நான் ஏற்கமாட்டேன். பட்டியல் இல்லாத காலத்தில் அதிகம் இழந்தவர்கள் ஏழைகள்தான். ஆனால் பட்டியல் கேட்பதற்கு முன்பே கேட்கவேண்டிய கேள்வியைச் சரியாகக் கேட்கும் பொறுப்பு எங்களுடையது. அந்தப் பால்காரக் குடும்பத்தின் வழக்குக்குப் பிறகு என் நிரூபண வாக்குமூலங்களில் ஒரு பத்தி கூடுதலாக இடம்பெறுகிறது. இறந்தவரின் ஒரு நாள், எழுந்ததிலிருந்து படுக்கும் வரை, நேரத்தோடும் வேலையோடும் அதில் இருக்கும். அந்தந்த வேலைக்கு உள்ளூரில் இன்று என்ன கூலி என்பதும் எதிரே இருக்கும்.

போன வாரம் மருமகளை இழந்த ஒரு பெரியவர் பேரனைக் கைப்பிடித்துக்கொண்டு வந்தார். நான் இப்போதெல்லாம் சம்பளத்தை முதலில் கேட்பதில்லை. "ஏனுங்கய்யா, அவங்க காலையில எத்தன மணிக்கு எந்திரிப்பாங்க?" என்றேன். அவர் வாயைத் திறப்பதற்குள் பேரன் சொன்னான், "எனக்கு முன்னாடியே எந்திரிச்சிரும்ங்க." அதை அப்படியே எழுதிக்கொண்டு, பிறகு நேரத்தைக் கேட்டேன்.